கைப்பிடியைத் தொடாத பேய்

அத்தியாயம் 4

நாலு மணிக்கு என் சித்தியைத் திருடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அருங்காட்சியகத்து வாசலில் நாங்கள் வண்டியை நிறுத்தும்போது மணி ஒன்றே முக்கால். கையில் இருந்தது இரண்டே கால் மணி நேரமும் ஒரு டார்ச் லைட்டும்தான்.

டார்ச் லைட் சர்வேயர் அம்மாவுடையது. இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்த கடை, முழுகிய லாரி, காணாமல் போன நகை என்று அலைந்து அலைந்து, பொய் சொல்பவனை அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும் அளவுக்குத் தேறியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறிய வந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். பெயரெல்லாம் எதற்கு, எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னை வளர்த்தது சித்திதான். அந்தச் சித்திக்கு ஒன்று என்றால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை. காவலர்கள் அறையில் சித்தி தனியாக உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக இங்கே காவல் வேலைக்குக் கட்டிய சீருடைப் புடவையை அன்றைக்கும் இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, பிளாஸ்கை இரண்டு கையாலும் ஏந்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"குடிங்கம்மா. இவன் காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்."

"சித்தி, உன்னைத் திருடின்னு சொல்றாங்க. நீ என் வயித்தைப் பத்திக் கவலைப்படற."

"சொல்றவங்க சொல்லட்டும்டா."

"எடுத்தீங்களா?" என்றார் சர்வேயர் அம்மா. சுற்றி வளைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

"திருடலைம்மா" என்றார் சித்தி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு வாரமாக இதே கதைதான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

நடந்ததை அருங்காட்சியக இயக்குநர் சொன்னார். தலை முழுக்க நரைத்த, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர்.

"இங்க பழைய காப்பாட்சியர் ஒருத்தர் இருந்தார். பெரியவர்னுதான் கூப்பிடுவோம். பதினாலு மாசத்துக்கு முன்னால, இதே மாதிரி ஒரு விடுமுறை நாள்ல, உலகக் கலைக் கூடத்துல நாற்காலியில உட்கார்ந்தபடியே இறந்துட்டார். மறுநாள் காலைல கூடத்தைத் திறந்து முதல்ல பார்த்தது உங்க சித்திதான். ரெண்டு மாசத்துக்கு முன்னால புதுக் காப்பாட்சியர் கூடத்தை மாத்தி அடுக்கினார். அதுல இருந்துதான் தொல்லை. விடுமுறை நாள் முடிஞ்சு திறந்தா, வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்லை. ஒரு வாரம் முகமூடி நகர்ந்திருக்கு. இன்னொரு வாரம் செம்புக் கூஜா. ஆள் இல்லாத கூடத்துல டக் டக்னு பெரியவரோட கைத்தடிச் சத்தம் கேட்குதாம். போன வாரம் துப்புரவு அம்மா உள்ள யாரோ அழுறதைக் கேட்டுட்டு, வாளியைப் போட்டுட்டு ஓடிட்டாங்க. அன்னிக்குத்தான் வெண்கலக் குழந்தைச் சிலை காணாமப் போச்சு."

"சாவி?" என்றேன்.

"ரெண்டு பேர்கிட்ட. புதுக் காப்பாட்சியர், உங்க சித்தி. நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அதுக்குள்ள வேற ஆள் யாருன்னு தெரியலைன்னா போலீஸ்ல புகார் கொடுத்தே ஆகணும்."

புதுக் காப்பாட்சியர் எங்களுக்காகக் கூடத்தைத் திறந்துவிட்டார். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, முகத்தில் எந்நேரமும் 'எனக்குத் தலைக்கு மேல் வேலை' என்ற அறிவிப்பு.

உள்ளே காலை வைத்ததும் நான் சர்வேயர் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். பாதி விளக்குகள்தான் எரிந்தன. எந்தெந்தக் கடலையோ தாண்டி வந்த முகங்கள் நாலு சுவரிலும் இருந்தன. மரத்தில் செய்தவை, மண்ணில் செய்தவை, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும் உள்ளவை. எல்லாம் நாங்கள் ஏதோ பாதிப் பேச்சில் நுழைந்துவிட்டதைப் போலப் பார்த்தன. மூலையில் ஒரு மர நாற்காலி, அதன் கைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

டக்.

"மேடம்."

டக்.

"மேடம், ஒரு யோசனை. வெளிய போய் நின்னு துப்பறிவோம்."

"சும்மா இரு ரேடியோ." சத்தம் வந்த பக்கம் டார்ச்சை அடித்தார். ஏ.சி. குழாயின் மூட்டிலிருந்து ஒரு சொட்டு இறங்கித் தரைப் பலகையில் விழுந்தது. டக். "இதோ உன் கைத்தடி. இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

"கூஜா" என்றார் காப்பாட்சியர், கொஞ்சம் அசடு வழிந்து. "ஒழுகறதுக்கு எழுதிப் போட்டிருக்கேன். இன்னும் ஆள் வரலை."

கூஜா இப்போது மூன்றடி தள்ளி, உலர்ந்த சுவரோரம் நின்றது. நீண்ட கழுத்தும் பாம்பு போல வளைந்த கைப்பிடியுமாக, என் இடுப்பு உயரம் இருந்தது. மாற்றி அடுக்கியதிலிருந்து யாரும் அதைத் துடைக்கவில்லை போலிருக்கிறது, தூசி படிந்து மங்கிக் கிடந்தது. சர்வேயர் அம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"ரேடியோ, இதை எடுத்துட்டு வான்னு சொன்னா எங்க பிடிப்ப?"

"இதுல என்ன கேள்வி? கைப்பிடியைத்தான். அதுக்குத்தானே அது இருக்கு."

"கைப்பிடியைப் பாரு."

கைப்பிடியில் தூசி அப்படியே இருந்தது. கழுத்திலும் அப்படியே. அடி விளிம்பில் ஒன்றும் வயிற்றின் பக்கவாட்டில் ஒன்றுமாக, இரண்டு இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தூசி இல்லாமல் செம்பு பளபளத்தது.

"பழைய பாத்திரத்துக்கு முதல்ல பலவீனமாகறது பத்து வெச்சு ஒட்டின இடம், அதாவது கைப்பிடி" என்று காப்பாட்சியர் பாடம் ஒப்பித்தார். "அதனால எங்க துறையில யாரும் கைப்பிடியைத் தொட மாட்டோம். அடியில ஒரு கை, பக்கத்துல ஒரு கை. முதல் நாள் பயிற்சியே அதுதான்."

"காவலர்களுக்கும் அந்தப் பயிற்சி உண்டா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"அவங்க எதையும் தொடவே கூடாது. தொட்டா வேலை போயிடும். அது இங்க சட்டம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. "அப்புறம் என்ன மேடம்! பேய் பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கு. எங்க சித்தி போகலை. கேஸ் முடிஞ்சுது. சார், உங்க கையை அந்தத் தடத்து மேல வெச்சுப் பார்க்கலாமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நானா? என் கூடத்தை நானே கலைப்பேனா?"

"சொல்ல முடியாது சார். என் அலமாரியை நான்தான் கலைக்கறேன்."

"வாயை மூடு" என்றார் சர்வேயர் அம்மா. "முகமூடி எங்க இருந்துச்சு?"

முகமூடி முன்பு இருந்த இடத்தைக் காப்பாட்சியர் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மணி இரண்டரை. மேற்கு ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக வெயில் உள்ளே வந்து, காலியாக இருந்த அந்தப் பீடத்தின் மேல் சுள்ளென்று விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். வர்ணம் பூசிய மரத்துக்கு வெயில் எமன் என்பது எனக்கே தெரியும்.

"தண்ணி சொட்டற இடத்துல இருந்த செம்பு நகர்ந்திருக்கு. வெயில் விழற இடத்துல இருந்த மரம் நகர்ந்திருக்கு" என்றார் சர்வேயர் அம்மா மெதுவாக. "இந்தப் பேய் விளையாடலை. உபத்திரவப்படற பொருளை மட்டும் பார்த்து நகர்த்துது. வெண்கலக் குழந்தையை நீங்க எங்க வெச்சிருந்தீங்க?"

"வாசல்கிட்ட. எல்லாரும் முதல்ல பார்க்கட்டும்னு."

"பெரியவர் காலத்துல?"

அவருக்குத் தெரியவில்லை. நான் ஓடிப்போய், டிக்கெட் கவுன்டரில் பழைய கையேடு ஒன்றைத் தேடி எடுத்து வந்தேன். அட்டைப் படத்தில் கூடத்தின் நட்ட நடுவில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் உள்ளங்கை அளவில், ஒரு மீனைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் வெண்கலக் குழந்தை. அந்தப் பேழை இப்போதும் அங்கேயேதான் இருந்தது. குழந்தைக்குப் பதிலாக ஒரு மண் குதிரை நின்றது.

திறக்கச் சொன்னதும் காப்பாட்சியர் முணுமுணுத்துக்கொண்டே பேழையைத் திறந்துவிட்டார். சர்வேயர் அம்மா அவரை ஜன்னல் பக்கம் கூட்டிப் போய், திரையைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தார். நான் தனியாகக் குதிரையோடு நின்றேன். அதன் காலடியில் விரித்திருந்த சாம்பல் நிறத் துணிக்கு அடியிலிருந்து ஒரு காகித முனை எட்டிப் பார்த்தது. குதிரையைத் தொடாமல், இரண்டு விரலால் அதை உருவினேன்.

அச்சடித்த சீட்டு. மேலே 'எடுப்புச் சீட்டு' என்றிருந்தது. இங்கே ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தால், அந்தக் காலி இடத்தில் இந்தச் சீட்டை எழுதி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுதியவருக்குக் குழந்தையின் இடம் வாசல் அல்ல, இந்தப் பழைய பேழைதான் போலிருக்கிறது. பொருள், வெண்கலக் குழந்தை. காரணம், பச்சைத் தூள். வைத்த இடம், உலர் பெட்டி. தேதி, போன வார விடுமுறை நாள். எடுத்தவர் என்ற இடத்தில் பெரியவரின் கையெழுத்து.

பதினாலு மாசத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதர், போன வாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நாற்காலிப் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. சீட்டைத் திருப்பியபோது விரல் அதன் பின்பக்கத்தில் பட்டது. எழுத்தெல்லாம் அங்கே மேடு மேடாகப் புடைத்திருந்தது. பேனாவை இப்படி அழுத்தி எழுதும் ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எனக்கு எழுதிக் கொடுத்த லீவு லெட்டர் அத்தனையும் இப்படித்தான் புடைத்திருக்கும். நான் அதை விரலால் தடவிக்கொண்டே போவேன்.

பேய் என்று நினைத்தபோது வந்த பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செய்தது தப்புதான். நாலு வருஷமாகச் சோறு போடுகிறவரிடமிருந்து சாட்சியத்தை ஒளித்தேன். சித்தியை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

சர்வேயர் அம்மா திரும்பி வந்தார். "ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

அவர் தலையசைத்துவிட்டுக் கூடத்தை இன்னொரு சுற்று சுற்றினார். முகமூடியைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். காப்பாட்சியரை வெளியே யாரோ கூப்பிட, அவர் போனார். கதவு சாத்திய பிறகு சர்வேயர் அம்மா கையை நீட்டினார்.

"கொடு."

"என்னது மேடம்?"

"சட்டைப் பையில இருக்கறது. பத்து நிமிஷமா நீ ஒரு ஜோக் கூட அடிக்கலை. நாலு வருஷத்துல இப்படி நடந்ததே இல்லை. உன் கை வேற அங்கயே போய்ப் போய் வருது."

"மேடம், ப்ளீஸ். சித்திதான் மேடம்."

"தெரியும்டா. கூஜாவைப் பார்த்ததுமே தெரியும். பிளாஸ்குக்குக் கைப்பிடி இருக்கு. உங்க சித்தி அதைத் தொடவே இல்லை. ஒரு கை அடியில, ஒரு கை பக்கத்துல."

நான் எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். தண்ணீர்ச் சொம்பானாலும் எண்ணெய் ஜாடியானாலும் சித்தி அப்படித்தான் தூக்குவார். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள். சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார், திருப்பித் தடவினார், என்னைத் திட்டவில்லை.

"போய்க் கூட்டிட்டு வா."

சித்தி கூடத்துக்குள் வந்ததும், நீட்டிய சீட்டைப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"ஏம்மா மறைச்சீங்க?" என்றார் சர்வேயர் அம்மா. "பொருள் பத்திரமாத்தானே இருக்கு?"

சித்தி பேழையின் பின்பக்கம் போய் மண்டியிட்டார். பலகையில் ஓர் இடத்தை அழுத்தி இழுத்தார். யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் ஓர் இழுப்பறை வெளியே வந்தது, சீட்டில் எழுதியிருந்த உலர் பெட்டி. புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன மணிகள், அவை நிறையக் கிடந்தன. நடுவில் பஞ்சு மெத்தையில், மீனைக் கட்டிக்கொண்டு வெண்கலக் குழந்தை சிரித்தது. அதன் கால் விரல்களில் மட்டும் வெளிர் பச்சையாக ஏதோ பூத்திருந்தது.

"வாசல்ல மழைக்கு நனைஞ்சுட்டு வர்றவங்க எல்லாரும் இது மேலதான் மூச்சு விட்டாங்க" என்றார் சித்தி. "பச்சைத் தூள் வந்துட்டா வெண்கலத்தை உள்ளுக்குள்ளயே தின்னுடும். உடனே காய வைக்கணும்னு பெரிய சார் சொல்லிக் கொடுத்திருக்கார். புது சார்கிட்ட மூணு தடவை சொன்னேன். 'உங்க வேலை கதவு பக்கம் நிக்கறது'ன்னார். எனக்கு மனசு கேட்கலை."

"அதை இயக்குநர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சித்தி!"

"சொன்னா சீட்டு யார் எழுதினதுன்னு கேட்பாங்கடா. கடைசி ஏழு வருஷம் அவருக்குக் கை நடுக்கம். பேனா பிடிக்க முடியாது, பொருளைப் பிடிக்க முடியாது. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவர் சொல்லச் சொல்ல நான் தூக்கினேன், நான் எழுதினேன், அவர் பேரை நான்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்தேன். இப்ப இது வெளிய வந்தா, ஏழு வருஷம் அவர் வேலையே பார்க்கலைன்னு பேசுவாங்க. அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன்."

உறவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத ஒரு மனிதருக்காக, அதுவும் செத்துப்போனவருக்காக, ஜெயிலுக்குப் போகத் துணிந்துவிட்டார். கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

கதவருகே காலடிச் சத்தம் கேட்டது. இயக்குநர் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் காப்பாட்சியர். எவ்வளவு நேரமாக நின்றார்களோ, மணி நாலடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"பொருள் கிடைச்சிடுச்சு சார்" என்றார் சர்வேயர் அம்மா. "கூடத்தை விட்டு வெளியவே போகலை. திருட்டு இல்லை."

"திருட்டு இல்லைன்னாலும்" என்றார் காப்பாட்சியர். பச்சை பூத்த விரல்களைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியிருந்தது. "தொட்டிருக்காங்க. சட்டப்படி வேலை போகணும்."

இயக்குநர் பேழை பக்கம் வந்தார். சித்தியின் எதிரில், தானும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"அவர் கை நடுங்கினது எனக்குத் தெரியும்மா."

சித்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும். வாசல் காவலருக்குத் தெரியும். டிக்கெட் கொடுக்கறவருக்குத் தெரியும். டம்ளரைப் பிடிக்க முடியாத மனுஷன் சீட்டு மட்டும் அழகா எழுதறார்னா எங்களுக்குப் புரியாதா? நீங்க ரெண்டு பேரும் மறைச்சீங்க. நாங்க கண்டுக்காம இருந்தோம். அவர் சொன்னாத்தான் எது எப்படி வைக்கணும்னு யாருக்காவது தெரியும். அந்த அறிவு இப்ப உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

மேல்பையிலிருந்து எடுப்புச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு புதுச் சீட்டைத் திறந்து சித்தி முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினார்.

"இந்தப் பழைய சீட்டு செல்லாது. இல்லாதவர் கையெழுத்து. புதுசா ஒண்ணு எழுதுங்க, இன்னிக்குத் தேதி போட்டு. எடுத்தவர் பேர் உங்க பேரா இருக்கட்டும். காவலர் வேலையில இருந்து உங்களைப் பொருள் பராமரிப்புக்கு மாத்தறேன்னு நான் உத்தரவு போடறேன். குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

நான் சித்தியின் தோளை உலுக்கினேன். "எழுது சித்தி! என்ன பார்த்துட்டிருக்க? வேலை போகலை, பதவி உயர்வு!"

சித்தி பேனாவை வாங்கவில்லை. "வேண்டாம் சார்."

"ஏம்மா?"

"எனக்கு எழுத வராது சார், என் பேரு அங்க." சீட்டைக் கையால் தள்ளி வைத்தார். "அவர் பேரை எழுதறப்ப, அவர்தான் பக்கத்துல நின்னு எழுதச் சொல்ற மாதிரி இருக்கும். எழுதி முடிச்சதும்தான் யாருமில்லைன்னு தெரியும். போன வாரம் அந்தத் துப்புரவு அம்மா கேட்டது என் அழுகைதான். நாற்காலியில அவரைப் பார்த்த அன்னிக்கு நான் அழலை சார். போன் பண்ணணும், கதவைச் சாத்தணும், கூட்டத்தைத் தள்ளணும்னு ஓடிட்டே இருந்தேன். அப்புறமும் அழலை. சீட்டு இருக்கற வரைக்கும் அவர் இருக்கார்னு வெச்சுக்கிட்டேன். என் பேரை எழுதினா அவர் போயிடுவார்."

சர்வேயர் அம்மாதான் பேசினார், எப்போதும் போல நேராக.

"நீங்க எழுதலைன்னா நாளைக்கு இந்தக் குழந்தையை யார் பார்ப்பாங்க?"

சித்தி இழுப்பறைக்குள் பார்த்தார். காப்பாட்சியர் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, "எனக்குப் பச்சைத் தூளைப் பார்த்தாத் தெரியலைம்மா. படிச்சிருக்கேன். பார்த்ததில்லை" என்றார். நல்ல பிள்ளைதான் போலிருக்கிறது. அதற்காக நான் அப்போதே மன்னித்துவிடவில்லை.

சித்தி பேனாவை வாங்கினார். பொருள், காரணம், வைத்த இடம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். எடுத்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு தன் பெயரை எழுதினார். சின்னப் பெயர்தான், எழுத அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

சீட்டை இயக்குநரிடம் நீட்டிவிட்டு, "போயிட்டார்ல சார்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. போயிட்டார்."

சித்தி தலையை ஆட்டினார். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கூடத்துத் தரையில், எங்கள் எல்லோர் முன்னாலும், சத்தம் போட்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.